நாற்பத்து நான்கு முனைகள்

துணியை விலக்கிப் பார்த்தபோது கட்டையின் முனை கறுத்திருந்தது. ஏதோ நிறம் மங்கியதாக இருந்தால்கூடப் பரவாயில்லை. ஆறிப்போன டீயில் ஒரு வாரம் ஊறப்போட்டு எடுத்ததுபோல், திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது.

திருத்தக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் கறுப்பாகத்தான் இருந்தது.

மனைவி ஊருக்குக் கிளம்பி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

அவர் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறவர். அங்கே எல்லோரும் அவரைத் திருத்தக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்; மேலாளருக்கே வருகைப் பதிவேட்டைப் பார்த்தால்தான் உண்மைப் பெயர் நினைவுக்கு வரும். அந்தத் தொழில் அவருடைய கையோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது ரத்தத்தில் கலந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் உட்காருவதற்குள் அதில் விட்டுப்போன ஒற்றெழுத்தை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வீட்டிலும் அதே கதைதான். லேசாக ஆடிய நாற்காலியின் கால்களைச் சமப்படுத்த உட்கார்ந்தார்; கடைசியில் அது கால் கழுவும்போது உட்காரும் மணை உயரத்துக்கு வந்துவிட்டது. எங்கே ஒரு குறை தெரிந்தாலும் கை சும்மா இருக்காது.

மனைவி அதற்கு நேர்மாறு. பேச்சு குறைவு, வேலை சுத்தம். வீட்டின் பின் அறையில் மர வாத்தியங்கள் செய்கிறாள். இப்போது மேசைமேல் இருந்தது ஒரு சைலஃபோன். ஆங்கில அரிச்சுவடியில் எக்ஸ் எழுத்துக்குப் படம் போட வேறு வழியில்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அறிமுகமான அதே வாத்தியம். நீளத்திலிருந்து குட்டைவரை இருபத்திரண்டு மரக்கட்டைகள். குச்சியால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் சொல்லும். ஒரு பள்ளிக்கூடத்தின் இசை ஆசிரியை கேட்டிருந்தார். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

புதன்கிழமை காலை, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மனைவி சொன்னது இவ்வளவுதான்.

“அக்கா வீட்டுல நாலு நாள். கட்டைங்களை தினமும் ஒரு தடவை துணியால தூசி தட்டுங்க, போதும். முனையெல்லாம் சொரசொரன்னுதான் இருக்கும். அப்படியே இருக்கட்டும். தொடாதீங்க.”

“நான் ஏன் தொடப்போறேன்?”

“தொடாதீங்க” என்று வாசலில் ஒரு தடவையும், வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரு தடவையும் சொன்னாள்.

அச்சகத்தில் பழைய இயந்திரத்தைத் தூக்கிவிட்டுப் புதிது வைக்கிறார்கள் என்று அந்த வாரம் முழுக்க விடுமுறை. திருத்தக்காரர் செய்தித்தாளைச் சிவப்புப் பேனாவோடு படித்து முடித்தார். பிறகு தூசி தட்டப் போனார்.

தூசி தட்டும்போதுதான் முனைகளைப் பார்த்தார். கட்டைகளின் மேல்பக்கம் பளபளவென்று தேன் நிறத்தில் இருந்தது. முனைகளிலோ ரம்பத்தின் பல்வரி அப்படியே கிடந்தது. பூச்சும் இல்லை, மெருகும் இல்லை. நாற்பத்து நான்கு முனைகள், நாற்பத்து நான்கு பிழைகள். அவள் அவசரத்தில் மறந்திருப்பாள், சொல்லக் கூச்சப்பட்டுத் தொடாதே என்றிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. ஒரே ஒரு முனைக்கு அரக்கு பாலிஷ் தடவிப் பார்ப்பதில் என்ன வந்துவிடப்போகிறது?

மரத்தை நீளவாக்கில் அறுத்தால் ரேகைகள் படுத்தபடி ஓடும். குறுக்கே அறுத்தால் அந்த ரேகைகளெல்லாம் வெட்டுப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் குழாய்களாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஊற்றுவதையெல்லாம் குடிக்கும், குடித்ததும் கறுக்கும். இதைத் திருத்தக்காரர் எந்தப் புத்தகத்திலும் திருத்தியதில்லை.

கறுப்பை எடுக்க ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தார். முனையில் இருந்த கறுப்பு நகர்ந்து தேன் நிற மேல்பக்கத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது. கால் அங்குலம்.

இனி உப்புத்தாள்தான். மேசை ஓரத்தில் முரடிலிருந்து மென்மைவரை நான்கு தரத்தில் உப்புத்தாள் அடுக்கியிருந்தது. கட்டையை இடுக்கியில் பிடித்து முரட்டுத் தாளை எடுத்தார். கறுப்பு உள்ளே இறங்கியிருந்ததால் தேய்க்கத் தேய்க்க அடியில் இன்னும் கறுப்பு இருந்தது. முக்கால் மணி நேரம் விடாமல் தேய்த்தார். கடைசியில் கறுப்பும் போயிற்று, ஓரத்துக் கறையும் போயிற்று. அடுத்தடுத்த தாள்களால் தேய்த்தபோது அந்த முனை கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. விரலால் தடவிப் பார்த்தார். அச்சகத்தில் ஒரு பக்கத்தைப் பிழையே இல்லாமல் அனுப்பும்போது வரும் சுகம் அந்த விரல் வழியாக ஏறியது.

மறு முனையையும் தேய்த்தார். அது நியாயம்தானே, ஒரு கட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் முகம் கழுவிவிட்டால் எப்படி?

கட்டையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, ஆசையாக ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்துக் கட்டையையும் தட்டினார்.

முன் அறையிலிருந்து, அவர்களோடு இருக்கும் மாமனாரின் குரல் வந்தது. “மாப்பிள்ளை, அஞ்சாவது கட்டைக்கு என்ன ஆச்சு?”

மாமனார் முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவி மாட்டிக்கொண்டு இணைப்புக் கொடுத்தவர். கண் பார்வை மங்கிவிட்டது. செய்தித்தாளின் தலைப்பைத்தான் படிப்பார். ஆனால் காது அப்படியே இருந்தது. தெருக்கோடியில் யார் வண்டி நிற்கிறது என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்.

“ஒண்ணும் ஆகலையே மாமா.”

“ஏறிடுச்சு” என்றார் அவர். “காலைல அவ தட்டினப்ப இருந்ததைவிட ஒரு நூல் மேல நிக்குது. நாலாவதோட சேரலை.”

திருத்தக்காரர் நாலையும் ஐந்தையும் மாறி மாறித் தட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஏழெட்டு முறை தட்டிய பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகு அது மட்டும்தான் கேட்டது.

தேய்த்ததில் கட்டை கொஞ்சம் குட்டையாகிவிட்டது. குட்டையானால் சத்தம் ஏறும். வரிசையில் குட்டைக் கட்டைதானே கீச்சென்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குட்டையானதை நீட்ட முடியாது. பிறகு என்ன செய்வது? நாலாவதையும் கொஞ்சம் தேய்த்து ஐந்தாவதோடு சேர்த்துவிடலாம்.

மாமனார் நாற்காலியோடு பின் அறைக்கு வந்துவிட்டார். இவர் தேய்ப்பார், தட்டுவார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “இன்னும் ஏறணும்.” தேய்ப்பார். “இன்னும் கொஞ்சம்.” தேய்ப்பார். “நிறுத்துங்க, வந்துடுச்சு.” நாலும் ஐந்தும் சேர்ந்துவிட்டன. ஆனால் நாலு இப்போது மூன்றோடு சேரவில்லை. ஐந்து ஆறோடும் சேரவில்லை.

அன்று சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது ஏழு கட்டைகள் ஒரு கட்சியாகவும் பதினைந்து கட்டைகள் எதிர்க்கட்சியாகவும் இருந்தன.

வியாழன் முழுக்கத் தேய்த்தார். வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ரேகையே இல்லாமல் வழுவழுவென்று ஆகிவிட்டன. காபிக் குவளை கையில் நிற்க மறுத்தது. மரத்தூள் புருவத்தில் உட்கார்ந்து அவருக்குப் பத்து வயது கூட்டியது. மாமனார் நடுநடுவே தூங்கிவிடுவார். ஆனால் தவறாகத் தட்டினால் தூக்கத்திலேயே “ஊஹூம்” என்பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இருபத்திரண்டாவது கட்டையும் சேர்ந்தது. திருத்தக்காரர் குச்சியை எடுத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாகத் தட்டினார். படிக்கட்டில் தடுக்காமல் ஏறுவதுபோல் இருந்தது. ஒரு படிகூட ஆடவில்லை. நாற்பத்து நான்கு முனைகளும் கண்ணாடி.

“எப்படி மாமா?”

“அருமையா சேர்ந்திருக்கு” என்றார் மாமனார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா மொத்தமா ஏறிப்போச்சே” என்றார்.

“என்ன ஏறிப்போச்சு?”

“மொத்த வாத்தியமும். அவ வச்ச இடம் வேற, இது இப்ப நிக்கிற இடம் வேற. தனியா வாசிச்சா தெரியாது. இன்னொரு வாத்தியத்தோட சேர்த்து வாசிச்சா சண்டை போட்டுக்கும்.”

பள்ளிக்கூடத்தில் இதைத் தனியாக வாசிக்கப்போவதில்லை. பியானோவும் புல்லாங்குழலும் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கப்போகிறார்கள். திருத்தக்காரர் மரத்தூள்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கத்தில் இருந்த ஒரு பிழையை எடுக்கப் போய்ப் புத்தகம் முழுக்க வேறு மொழியாகிவிட்டது.

எந்தக் கட்டை எந்த அளவில் நிற்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் மனைவியின் தலைக்குள் இருந்தது. சுருதி பார்க்க அவள் வைத்திருக்கும் இரும்புக் கவை எப்போதும் அவள் கைப்பைக்குள் இருக்கும். வேறு வழியில்லாமல் அக்கா வீட்டுக்குப் போன் செய்தார். சௌக்கியமெல்லாம் விசாரித்தார். அக்கா பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். அவர்கள் வீட்டு நாயைப் பற்றியும் விசாரித்த பிறகு, பேச்சோடு பேச்சாகக் கேட்பதுபோல் கேட்டார்.

“ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். கட்டை சத்தம் ஏறிடுச்சுன்னா எப்படி இறக்குவாங்க?”

“அடிப்பக்கம் நடுவுல சுரண்டினா இறங்கும். அதுக்குன்னு வளைஞ்ச உளி ஒண்ணு இருக்கு, அதை நான் சாணை பிடிக்க எடுத்துட்டு வந்துட்டேன். எதுக்குக் கேக்குறீங்க?”

“சும்மா. பொது அறிவு.”

“எதையும் தொடலையே?”

“தூசி தட்டினேன்” என்றார். அது பொய்யில்லை, மூன்று நாளாக அவர் தட்டிய தூசிக்கு அளவே இல்லை.

உளி இல்லை. ஆனால் அடிப்பக்கம் கனம் சேர்த்தாலும் சத்தம் இறங்குமே என்று மாமனார் சொன்னார். மெழுகுவர்த்தியை உருக்கி முதல் கட்டையின் அடியில் நடுவாக ஊற்றி ஆறவைத்தார்கள். தட்டினார்கள். சத்தம் இறங்கத்தான் செய்தது. ஈரத் துணி மூட்டையைத் தரையில் போட்டதுபோல் ஒரேயடியாக இறங்கிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க வெள்ளிக்கிழமையின் மிச்சமும் சனிக்கிழமைக் காலையும் சரியாகப் போயிற்று.

சனிக்கிழமை பகல் இசை ஆசிரியை போன் செய்தார். திங்கட்கிழமை வண்டி கிடைக்கவில்லையாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வந்து எடுத்துக்கொள்கிறாராம். வாத்தியம் தயாராக இருக்குமில்லையா என்று கேட்டார். திருத்தக்காரர் வாயைத் திறந்தார். ‘இருக்கும்’ என்ற சொல் அவரைக் கேட்காமலேயே வெளியே வந்துவிட்டது.

அன்று அவர் ஒரு காரியம் செய்தார். வெள்ளைத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். நேரில் சொன்னால் நடுவில் அழுகை வந்துவிடும் என்று பயமாக இருந்தது. அந்த மரத்துக்காக அவள் எத்தனை மாதம் காத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். ஈரம் வற்ற வேண்டும் என்று கட்டைகளை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போவாள். நாளெல்லாம் காதை மரத்தோடு ஒட்டிவைத்துத் தட்டிக்கொண்டிருப்பாள். அவர் சாப்பிடக் கூப்பிட்டால்கூடக் கேட்காது. அத்தனையையும் அவர் நாலு உப்புத்தாளால் வழித்தெடுத்துவிட்டார். கடிதத்தைப் பதினோரு தடவை திருத்தி எழுதினார். பன்னிரண்டாவது படியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மனைவி வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றினாள், அப்பாவை நலம் விசாரித்தாள், நேராகப் பின் அறைக்குப் போனாள். திருத்தக்காரர் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றுகொண்டார்.

அவள் ஐந்தாவது கட்டையை எடுத்தாள். முனையைக் கட்டைவிரலால் தடவினாள். திருப்பி மறு முனையைத் தடவினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் கடிதத்தை நீட்டினார்.

நின்றபடியே முழுக்கப் படித்தாள். படித்துவிட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“‘மன்னிப்பு’ல ஒரு எழுத்து விட்டுப் போயிருக்கு.”

திருத்தக்காரர் எட்டிப் பார்த்தார். ‘மனிப்பு’ என்று இருந்தது. பதினோரு தடவை. இருபத்தாறு வருடத்தில் முதல் முறை. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

மனைவி கைப்பையைத் திறந்து இரும்புக் கவையை எடுத்தாள். முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தாள். முதல் கட்டையைத் தட்டினாள். மறுபடி கவை, மறுபடி கட்டை. ஒவ்வொன்றாகப் போனாள். அவர் ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பதினேழாவது கட்டையில் நின்றாள். மென்மையான உப்புத்தாளை எடுத்து முனையில் நாலே நாலு இழுப்பு இழுத்துத் தட்டிப் பார்த்தாள். கடைசிவரை போய்க் கவையைக் கீழே வைத்தாள்.

“சரியா இருக்கு” என்றாள்.

“எது?”

“எல்லாமே.”

“மாமா மொத்தமா ஏறிடுச்சுன்னாரே.”

“ஏறத்தான் செய்யும். முனை தேய்ச்சா ஏறும்னு தெரிஞ்சுதான் எல்லாக் கட்டையையும் மொதல்லயே கொஞ்சம் நீளமா வெட்டி, கொஞ்சம் இறக்கி வச்சிருந்தேன். இப்பதான் வரவேண்டிய இடத்துக்கு வந்திருக்கு.”

திருத்தக்காரர் பக்கத்தில் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார். நாலு நாளாக மார்பின்மேல் யாரோ உட்கார்ந்திருந்ததுபோலவும், அந்த ஆள் இப்போது எழுந்து சட்டையை உதறிக்கொண்டு போனதுபோலவும் இருந்தது. பெருமூச்சு விட்டார். விட்ட மூச்சில் மேசைமேல் இருந்த மரத்தூள் பறந்து அவர் முகத்திலேயே அப்பியது. மனைவி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். முன் அறையிலிருந்து மாமனார், என்ன விஷயம் என்று தெரியாமலே தன் பங்குக்குச் சிரித்தார்.

பாலிஷை நீர்க்கக் கரைத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி, துணியையும் அவர் கையில் கொடுத்தாள் மனைவி. தேய்த்து வழவழப்பான முனையில் முதலில் நீர்த்த பூச்சு ஒன்று போட்டால் அந்தக் குழாய்களின் வாயெல்லாம் அடைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு போடுவதை மரம் குடிக்காது என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினார். கறுக்கவில்லை. காய்ந்ததும் முனைகளும் மேல்பக்கத்தைப் போலவே தேன் நிறத்தில் நின்றன. வெட்டுப்பட்ட ரேகைகள் நுணுக்கமான புள்ளிகளாகத் தெரிந்தன. நாற்பத்து நான்கையும் அவர் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

“இவ்வளவு தப்புப் பண்ணியும் நீ ஒரு வார்த்தை திட்டலை” என்றார். “இனிமே நீ தொடாதேன்னு சொன்னா, சத்தியமா அந்தப் பக்கமே போகமாட்டேன்.”

“அப்படியெல்லாம் சத்தியம் பண்ணாதீங்க” என்றாள் மனைவி, கொஞ்சம் அவசரமாக. “உங்க சுபாவத்தை எதுக்கு மாத்திக்கணும்?”

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த மாதம் முழுக்கப் பாத்திரம் கழுவுவது தன் பொறுப்பு என்று அறிவித்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இசை ஆசிரியை வந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, எதையும் சுற்றி வளைக்காத அம்மாள். கையோடு கொண்டுவந்த புல்லாங்குழலை ஊதி, சைலஃபோனைத் தட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். சண்டையே இல்லை. பிறகு குனிந்து முனைகளைப் பார்த்தார். விரலால் வருடினார். இதுவரை எத்தனையோ வாத்தியம் வாங்கியிருக்கிறார், முனையை இவ்வளவு அக்கறையாக முடித்து யாரும் கொடுத்ததில்லை என்றார். பிள்ளைகளின் கையில் ஒரு சிலாம்புகூட ஏறாது என்றார்.

மனைவி உள்ளே டீ போடப் போயிருந்தாள். திருத்தக்காரர் தேய்ந்துபோன விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ரொம்ப அடக்கமாக, அது தன் கைவேலை என்றார்.

“தெரியுமே சார்” என்றார் ஆசிரியை, வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்தபடி. “போன மாசமே வாத்தியம் முடிஞ்சிடுச்சான்னு கேட்டேன். ‘முனை தேய்க்கிறது மட்டும்தான் பாக்கி டீச்சர், அந்த வேலை எனக்கு ஆகவே ஆகாது, அவருக்கு லீவு விட்டதும் தொடாதீங்கன்னு சொல்லிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன், வரும்போது முடிஞ்சிருக்கும்’னு சொன்னாங்க.”